மாத்தாள்

வானம் வெளுக்கும் முன்பே வயலில் இறங்கிவிட்டோம். புரட்டாசித் தண்ணீரில் காலை வைத்ததும் குளிர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. முடிச்சை அவிழ்த்து, நாற்றை நாலும் ஐந்துமாகப் பிரித்து, சேற்றில் விரலால் ஊன்றிவிட்டு ஒரு எட்டு பின்னால் போக வேண்டும். மறுபடி ஊன்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நடவு என்றால் கை வேலை. காரை நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்களும் கையைத்தான் எடுக்கிறார்கள். நட்டவளைக் கேட்டால் அது முட்டியின் வேலை என்பாள். ஒவ்வொரு எட்டுக்கும் புதைந்த காலைச் சேற்றிலிருந்து உருவியாக வேண்டும், சேறு லேசில் விடாது. அப்படி உருவி உருவியே, நாற்பதைத் தாண்டிய ஒருத்தியாலும் எங்கள் நடவு செட்டில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போயிற்று. கல்யாண வீட்டில் மேசை போடவில்லை என்றால் மொய்யை வைத்துவிட்டுப் பசியோடு திரும்புகிறோம்.

வயல் துரைராசு ஐயாவுடையது. ஐயா என்று எழுதுவது வாய்ப் பழக்கம், மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேட்டு வயலையெல்லாம் அவர் மிஷின் வைத்து நட்டுவிட்டார். மிஷின் புதைகிற பள்ளத்து வயல் மட்டும் எங்களுக்கு. அதற்கும் போன வருஷத்தைவிடக் கூலியைக் குறைத்திருந்தார். "மிஷின் கேக்காத கூலிய நீங்க கேக்கறீங்க" என்றார். மிஷின் சோறு தின்னாது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. செட்டின் தலைவி தர்மாம்பாள் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

என் வலப்பக்கம் வானதி நட்டுக்கொண்டிருந்தாள். செட்டிலேயே சின்னவள். எப்போதும் எங்களுக்கு முன்னால் கரையேறி நின்றுகொண்டு, "என்னக்கா, ஊருக்குப் போயிட்டு வந்து நடறீங்களா" என்று கேலி செய்வாள். அன்று அவள் வரிசை பின்தங்கியிருந்தது.

"கனியக்கா, காலு வரமாட்டேங்குது" என்றாள்.

"சேத்தக் கேளு, ஏன் விடலைன்னு" என்றேன் நான், குனிந்தபடியே.

சளக்கென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் பக்கவாட்டில் சாய்ந்து நாற்றின் மேலேயே விழுந்து கிடந்தாள். தூக்கி வரப்பில் போட்டுப் புடவையை விலக்கினோம். முட்டியைச் சுற்றிப் பழந்துணி கட்டியிருந்தாள். அவிழ்த்தால், முட்டி பனங்காய் அளவுக்கு வீங்கி, தோல் பளபளவென்று நின்றது. தைல வாடையை மீறி வேறொரு வாடையும் வந்தது. தொட்ட கையைச் சூடு தள்ளியது.

"எத்தன நாளாடி இப்படி?"

"ஊசி போட்ட மறுவாரத்துலேருந்து. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். நடவு முடியட்டும்னு இருந்தேன்." பற்கள் அடித்துக்கொண்டன. "வெளிய சொன்னா அக்கா பேரு கெட்டுடும்ல."

தர்மாம்பாள் அக்கா கையில் மிச்சமிருந்த நாற்றோடு அப்படியே நின்றாள். அது எந்த ஊசி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஊசியின் கதை வைகாசியில் தொடங்கியது. துரைராசு ஐயா எங்களைத் தன் களத்துக்கு வரச்சொன்னார். வேலை இல்லாத மாதத்தில் அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஃபைலோடு நின்றிருந்தாள். பெயர் கவிப்ரியா. கும்பகோணம் பைபாஸில் முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்டிய ஆராய்ச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். நாங்கள் அதைக் கண்ணாடி ஆஸ்பத்திரி என்போம். அது நிற்கும் இடம் துரைராசு ஐயா விற்ற வயல். ஆராய்ச்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையும் அவரிடமே இருந்தது. வயலுக்கு ஆள் விட்ட கைக்கு அது பெரிய காரியமா என்ன.

தேய்ந்த முட்டிக்கு ஸ்டெம் செல் ஊசி, மூன்று தவணை, எல்லாம் இலவசம் என்றாள் அந்தப் பெண். ஸ்டெம் செல் என்றால் என்ன என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்தாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நாத்து மாதிரிம்மா. எங்க லேப்ல நாத்தங்கால் விட்டு, உங்க முட்டில கொண்டுவந்து நடறோம். அது வேர் பிடிச்சு வளரும்" என்றாள்.

எங்களுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் எங்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் பேசியதில்லை. "அப்ப களை எடுக்கறது யாரு?" என்று வானதி கேட்டாள், களமே சிரித்தது. பிறகு அந்தப் பெண் ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்து வாங்கினாள். வானதியை மட்டும் வயசு பத்தாது என்று சேர்க்கவில்லை. அதில் ஒன்று, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பது. அதற்கும் சிரித்தோம்.

"காரணம் சொல்லாம நடவுலேருந்து கரையேறிப் பாரு, மறுநா வேலை இருக்குதான்னு தெரியும்" என்றாள் தர்மாம்பாள் அக்கா.

முதலில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு என்னமோ எடுத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களே, அதுபோல இதுவும் ஒரு டெஸ்ட் என்று நினைத்தோம். வலியில் உயிர் போயிற்று. ஆடியில் முட்டியில் முதல் ஊசி. நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கேட்டது. ஒருநாள் வாய்க்கால் படியில் துணி துவைக்கப் போனவள் என்னையறியாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த ஆராய்ச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேண்டும், எங்களுக்கு அது வேண்டும்.

இனி மாத்தாள் சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும். நடவு செட்டில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, துக்கம், பிரசவம் என்றால் அவள் இடத்துக்கு வேறொருத்தியை அனுப்புவாள். அவள்தான் மாத்தாள். வயல்காரருக்குத் தலை குறையக் கூடாது, அவ்வளவுதான். பெயரைக் கூப்பிட்டால் மாத்தாள்தான் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இடத்துக்கு உரியவள் தன் வாயால் சொல்லி அனுப்ப வேண்டும். வயல்காரர் சொல்லி மாத்தாள் இறங்கக் கூடாது.

ஆவணிக் கடைசியில் இரண்டாவது ஊசி. அந்தச் சமயம் பார்த்து தர்மாம்பாள் அக்காவின் மகளுக்கு வேதாரண்யத்தில் வலி கண்டுவிட்டது. அக்கா ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டாள். "ஒரு ஆளு கொறைஞ்சாலும் செட்டையே தூக்கிடுவாங்க, பாத்துக்கங்க" என்றார் துரைராசு ஐயா. எங்கள் எல்லோர் முட்டியும் அக்கா தலையில் வந்து விடிந்தது. பஸ் ஏறப் போகிறவள் வானதி வீட்டு வாசலில் நின்று, "எனக்கு மாத்தாள் போயிட்டு வந்துடுடி" என்றாள்.

"எனக்கும் லேசா முட்டி கடுகடுங்குது. சும்மா கெடைக்கறத விடுவானேன்" என்றாள் வானதி.

எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நாற்றுதானே. எங்கள் வயலில் நாற்றுக் குறைந்தால் பக்கத்து வயலில் வாங்கி நடுகிறோம். மிஞ்சினால் கொடுக்கிறோம். எந்த நாற்றங்காலில் விட்டதென்று நெல் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் தர்மாம்பாள் என்று கூப்பிட்டார்கள், வானதி "இருக்கேன்" என்றாள். கையில் பட்டை கட்டினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைக் கேட்கவில்லை. துரைராசு ஐயா வேனில் கூடவே வந்தவர்தான். வானதியை அவள் பால்குடி மறக்காத நாளிலிருந்து தெரியும் அவருக்கு. தலைகளை எண்ணினார், சரியாக இருந்தது, டீ குடிக்கப் போய்விட்டார்.

வயலில் விழுந்த வானதியைத் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே டாக்டர் பர்வின் என்று ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. முட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்ன ஊசி என்று கேட்டார். "நாத்து ஊசி" என்றோம். எங்களை வெளியே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கோபிக்காமல் கேட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் டெஸ்டைப் பார்த்துவிட்டு எங்களை மறுபடி கூப்பிட்டார்.

"அம்மா, இடுப்பெலும்புல எடுத்தாங்களே, அது டெஸ்டுக்கு இல்ல. அதத்தான் லேப்ல வளத்து ஊசியா போட்டிருக்காங்க. தர்மாம்பாள்கிட்ட எடுத்தது தர்மாம்பாளுக்கு மட்டும்தான். இத உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

தர்மாம்பாள் அக்கா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப அவ முட்டில இருக்கறது என்னோடதா?"

"உங்களோடதுதான். அதனால சீழ் வெச்சுதா, ஊசி சுத்தமில்லாம சீழ் வெச்சுதான்னு இப்ப சொல்ல முடியல. மாத்திரை போட்டிருக்கிறதால எங்க டெஸ்ட்ல கிருமி வளர மாட்டேங்குது. எந்தக் கிருமின்னு தெரிஞ்சா அதுக்கேத்த மருந்து குடுக்கலாம். இந்த மாதிரி ஊசி போடறவங்க ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கணும், விதி அது. அந்த மிச்சத்தக் குடுத்தாங்கன்னா சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவோம். போன் பண்ணிட்டேன், எழுதியும் அனுப்பிட்டேன். வானதின்னு ஒரு பேஷண்டே இல்லைங்கிறாங்க."

"குடுக்கலைன்னா?" என்றேன்.

"சீழ் எலும்புக்கு எறங்கிட்டா முட்டிக்கு மேல எடுக்க வேண்டி வரும். அதுக்கும் மேல ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஆராய்ச்சி தப்பில்லம்மா. நல்லா வந்தா எத்தனையோ பேர் எழுந்து நடப்பாங்க. மனுஷங்ககிட்ட ஒழுங்கா சொல்லிட்டு, கேட்டுட்டுச் செய்யணும். அவ்வளவுதான்."

தர்மாம்பாள் அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "நாந்தானே சொல்லி அனுப்பினேன், எம் பேருல போயி படுத்திருக்கா" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். நடவு நடுவதற்கு வராமல் இருக்கவும் முடியாது. அழுதுகொண்டே நட்டாள். மூக்கைத் துடைக்கக் கை சேறாக இருந்தது.

கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் காலின் சேறு பட்டுவிடும் என்று வாசலிலேயே உட்கார வைத்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் மதிவாணன் கூப்பிட்டார். துரைராசு ஐயாவும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு நாற்காலி இல்லை.

"ஊசில மிச்சம் வெச்சிருப்பீங்களாமே, அதக் குடுங்க சார்" என்றாள் தர்மாம்பாள் அக்கா. "அது போதும். வேற எதுவும் கேக்கல."

"வானதிக்கு நாங்க ஊசி போடலம்மா. எங்க ரெக்கார்டுல அப்படி ஆளே கிடையாது."

"தர்மாம்பாளுக்குப் போட்டீங்கள்ல?"

"போட்டோம்."

"நாந்தான் தர்மாம்பா. எனக்குப் போடல. எம் முட்டியப் பாருங்க." புடவையை முட்டிவரை தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரைராசு ஐயா முந்திக்கொண்டார். "ஏம்மா, மாத்தி மாத்திப் போங்கன்னு யாரு சொன்னா ஒங்கள? பொய்ப் பேரு சொல்லி ஊசி போட்டுக்கிட்டது கேஸு. போலீசுக்குப் போனா மொதல்ல உள்ள போறது நீதான், அப்புறம் அவ."

"நீங்கதான ஐயா, ஆளு கொறையக் கூடாதுன்னீங்க. வேன்ல எண்ணினீங்களே."

"தலைய எண்ணினேன். மூஞ்சியவா பாத்துக்கிட்டிருப்பாங்க?"

"அதத்தான் சொல்றோம்" என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

டாக்டர் மதிவாணன் கெட்ட மனிதராகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நாத்துன்னு சும்மா புரியறதுக்காகச் சொன்னது. அத அப்படியே எடுத்துக்குவாங்களா? இந்த நேரத்துல ஒரு தப்பு நடந்ததா எழுதினா, மொத்த ஆராய்ச்சியையும் நிறுத்திடுவாங்க. பத்து வருஷ உழைப்பு. இது ஜெயிச்சா ஒங்கள மாதிரி லட்சம் பேருக்கு வலி இல்லாம பண்ணிடலாம். யோசிச்சுப் பாருங்க."

"அந்த லட்சம் பேருல வானதி கெடையாதா சார்?" என்று கேட்டாள் தர்மாம்பாள் அக்கா.

அவர் மணியை அடித்தார். எங்களை வெளியே கூட்டிப்போக ஆள் வந்தது.

திருப்பூரில் லோடு ஏற்றுகிற வேலையில் இருந்த வானதியின் புருஷன் சதீஷ் போட்டது போட்டபடி வந்தான். பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு நேரே துரைராசு ஐயா வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுந்தான். நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநெடுவென்ற ஆம்பிளை, தரையோடு தரையாகக் கிடந்தான். அவர் எழுந்திரு என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒரு தாளைக் கொண்டுவரச் சொன்னார். என் மனைவி அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் சென்னையில் பெரிய இடத்தில் சேர்த்து வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னார்.

சதீஷ் கிடந்த இடத்திலிருந்தே பேனாவை வாங்கிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"தம்பி, போகவே இல்லைன்னு எழுதிட்டா அந்த மிச்ச மருந்த யாரு பேரச் சொல்லிப் போய்க் கேக்கறது?" என்றாள் தர்மாம்பாள் அக்கா. "கிருமி எதுன்னு தெரியாம சென்னையில மட்டும் என்ன குடுப்பாங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் என்னக்கா பண்ணட்டும்? அவள ஒத்தக் கால்ல பாக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டான். பேனாவைத் தரையிலேயே வைத்துவிட்டு எழுந்து, அழுதுகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

மறுநாள் நடவு கரையேறி வாய்க்காலில் கால் கழுவும்போதுதான் பேச்சு எடுத்தோம். ஐப்பசியில் மூன்றாவது ஊசி. அன்றைக்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஆராய்ச்சியை நேரில் பார்க்க வருகிறார்கள், எல்லோரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று துரைராசு ஐயா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

"போவ வேணாம்" என்றாள் தர்மாம்பாள் அக்கா. "ஒருத்தியும் போவ வேணாம். மிச்சத்தக் குடுத்தா ஊசி, இல்லைன்னா மொத்தமா வெலகிக்குவோம். அவங்களுக்கு நாம வேணும். காட்டறதுக்கு வேற யாரு இருக்கா?"

வாய்க்கால் தண்ணீர் எங்கள் காலின் சேற்றைக் கரைத்துக்கொண்டு போனது. எனக்கு அந்த மூன்றாவது ஊசி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வானதியின் கால் ஒரு பக்கம், என் முட்டி ஒரு பக்கம் என்று மனசு அன்றைக்கு அல்லாடியது. குத்துக்காலிட்டு உட்கார முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று முடியாதவளுக்குத்தான் தெரியும்.

"எனக்கு நல்லாயிட்டு வருதுக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும்டி. எனக்கும்தான் ஆசை." அக்கா என் முட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் கையாலேயே வழித்துவிட்டாள். "நாளைக்கு ஒனக்கு வீங்கினா, கனிமொழின்னு ஆளே கெடையாதும்பாங்க. அப்ப நான் எங்க போயி நிக்கறது?"

நான் தலையாட்டினேன். ஒருத்தி ஆட்டினால் அடுத்தவளும் ஆட்டுவாள். அப்படியே வரிசையாக ஆட்டினோம்.

அந்த நாள் விடியும்போதே கண்ணாடி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டோம். போராட்டம் என்றால் சம்மணம் போட்டு உட்கார்ந்து டி.வி.யில் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்னைத் தவிர யாராலும் காலை மடக்க முடியாது. எல்லோரும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம், நானும் நீட்டிக்கொண்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. எங்கள் கால்களே கேட்டின் அகலத்தை அடைத்துவிட்டன. மருந்துக் கம்பெனியின் கார் வந்து, ஹாரன் அடித்து, நீட்டிய கால்களைப் பார்த்துவிட்டு ரோட்டோரம் ஒதுங்கி நின்றது.

டாக்டர் மதிவாணன் வேர்வையோடு வெளியே வந்தார். "என்னம்மா இது? உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம் சார்" என்றாள் தர்மாம்பாள் அக்கா. "எப்ப வேணா காரணம் சொல்லாம வெலகிக்கலாம்னு படிச்சீங்கள்ல. நாங்க காரணம் சொல்லிட்டே வெலகறோம். எங்க இடுப்புல எடுத்தத எல்லாம் திருப்பிக் குடுங்க. வானதிக்குப் போட்டதுல மிச்சத்த தஞ்சாவூர் டாக்டரம்மாகிட்ட குடுங்க. குடுத்தீங்கன்னா திரும்ப வந்து சேந்துக்கறோம்."

"அதெல்லாம் இப்ப இருக்காது."

அவருக்குப் பின்னால் ஃபைலோடு நின்றிருந்த கவிப்ரியாவை நான் பார்த்தேன். நாற்று என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண். அவள் கண் சிவந்திருந்தது. "இருக்கு சார்" என்றாள், மெதுவாக. "கீழ ஃப்ரீசர்ல இருக்கு." டாக்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள். ஆனாலும் சொன்னதை எல்லோரும் கேட்டோம்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மழை ஒரு பாட்டம் பெய்து விட்டது. எதிர்க்கடைக்காரரை மிரட்டியிருப்பார்கள் போலிருக்கிறது, எங்களுக்கு டீ கிடையாது என்று சொல்லிவிட்டார். மத்தியானம் சதீஷ் போன் செய்தான். காய்ச்சல் இறங்கவில்லை, வானதி ஆளை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறாள், நாளை விடிந்ததும் காலை எடுப்பதா என்று முடிவு செய்யப்போகிறார்களாம். "அக்கா, யாராவது ஒருத்தர் வாங்கக்கா. என்னால தனியா முடியல" என்றான். ஒருத்தி எழுந்தால் கேட்டில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கார் போய்விடும். தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

துரைராசு ஐயாவின் வேன் வந்து நின்றது. ஓட்டுகிறவன் அப்சர், எங்களை ஊசிக்குக் கூட்டி வந்துபோகிற பையன்தான். உள்ளே முழுக்கப் பெண்கள். குத்தாலத்துப் பக்கத்துச் செட்டு. போன வருஷம் குறுவை நடவில் நாங்கள் கூலி கேட்டு வரப்பில் நின்றபோது, துரைராசு ஐயா கூப்பிட்டார் என்று வந்து எங்கள் வயலில் இறங்கி நட்டுவிட்டுப் போனவர்கள். அன்றிலிருந்து சந்தையில் பார்த்தால்கூடப் பேச்சு இல்லை.

"வெலகறவங்க வெலகிக்கங்க" என்றார் துரைராசு ஐயா எங்களைப் பார்த்து. "ஆளுக்கா பஞ்சம்? புதுசா சேத்துக்குவாங்க. ஏய், எறங்குங்கம்மா. இவளுங்கள ஓரமா தாண்டிப் போங்க."

முதலில் குந்தவை இறங்கினாள். அந்தச் செட்டின் தலைவி. கட்டையாக, கறுப்பாக, வெற்றிலை போட்ட வாயோடு இருப்பாள். இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முதலில் வைத்து, இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அவள் ஓரமாகத் தாண்டவில்லை. நேராக வந்து தர்மாம்பாள் அக்காவின் நீட்டிய காலுக்கு முன்னால் நின்றாள்.

"ஒங்க எடத்துக்கு எங்களக் கூட்டியாந்திருக்காங்க. வேன்ல வரும்போது டிரைவர் தம்பி ஏதேதோ சொல்லிச்சு. நீங்க சொல்லித்தான் கூப்பிட்டாங்களா?"

"நாங்க சொல்லல" என்றாள் அக்கா.

குந்தவை எச்சிலைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எறங்க மாட்டோம். போன குறுவையில கேக்காம எறங்கிட்டோம். அப்புறந்தான் தெரிஞ்சுது, நீங்க கூலிக்கு நின்னீங்கன்னு. அது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு."

"ஏய், வேன் வாடகை யாரு குடுத்தது தெரியுமா?" என்றார் துரைராசு ஐயா.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அக்காவைக் கேட்டாள்.

அக்கா சொல்ல முயன்றாள். வாய் கோணிக்கொண்டது. நான்தான் சொன்னேன். காய்ச்சல், நாளைக் காலை, சதீஷ் தனியாக இருக்கிறான், ஒருத்தி போக வேண்டும், போனால் இடம் விழுந்துவிடும், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் அழுகை வந்துவிட்டது.

குந்தவை கேட்டைப் பார்த்தாள், வரிசையாக நீட்டியிருந்த எங்கள் கால்களைப் பார்த்தாள். வேனிலிருந்து மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"மாத்தாள் வேணுமா?" என்று கேட்டாள். "நாங்களா உக்கார மாட்டோம். எடத்துக்காரங்க சொல்லணும்."

தர்மாம்பாள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் தோளைத் தொட்டாள். "கனிமொழிக்கு மாத்தாள் உக்காரு. அவ போயி வானதியப் பாத்துட்டு வரட்டும்" என்றாள்.

"ஆமாக்கா, எனக்கு மாத்தாள் உக்காருங்க" என்று நானும் என் வாயால் சொல்லிவிட்டு எழுந்தேன். முட்டி நோகவில்லை. நோகாதது அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்சர் துரைராசு ஐயாவைப் பார்க்காமல் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "தஞ்சாவூர்தானக்கா, ஏறுங்க" என்றான். ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். குந்தவை ஒரு கையைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல என் இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளாலும் மடக்க முடியவில்லை. காலை நீட்டித்தான் உட்கார்ந்தாள்.